அப்பாவுக்கு ஐந்து டாக்டர்கள், மொத்தமாகப் பார்ப்பது யார்? (இசிஎச்எஸ், அதாவது முன்னாள் ராணுவத்தினர் மருத்துவத் திட்டத்தில் உள்ள குடும்பங்கள் படிக்கவும்)

ஹவில்தார்_மகள்

எல்லாருக்கும் வணக்கம். பல வருஷமாக இங்கே படிப்பதோடு சரி, எழுதியதில்லை. இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை. நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 71 வயது. 1973-ல் பட்டாளத்தில் சேர்ந்து 1997-ல் ஹவில்தாராக வெளியே வந்தவர். சியாச்சினில் ஒரு பனிக்காலம் இருந்தார், அங்கே இடது காலில் இரண்டு விரல்களின் நுனி போயிற்று. சர்க்கரை வந்து 19 வருஷம். பிபி உண்டு. 2019-ல் ஸ்டென்ட் வைத்தார்கள். முழங்கால் இரண்டும் தேய்மானம். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் மூன்று வருஷமாக 1.5, 1.6 என்றே நின்றது. இங்கே பாதிப் பேர் வீட்டில் இதே பட்டியல்தான் இருக்கும், தெரியும்.

பிப்ரவரியில் முழங்கால் வலி தாங்கவில்லை. இசிஎச்எஸ் மருத்துவமனையான பாலிகிளினிக்கில் ரெஃபரல் (வெளி டாக்டரிடம் அனுப்பும் சீட்டு) வாங்கி எலும்பு மருத்துவரைப் பார்த்தோம். ஒரு மாதத்துக்கு வலி மாத்திரை எழுதினார். அடுத்த வாரம் இதய மருத்துவரிடம் வழக்கமான முறை. காலில் வீக்கம் இருக்கிறது என்று நீர் மாத்திரையைக் கூட்டினார், பிபிக்கு ஒரு கூட்டு மாத்திரையும் எழுதினார். பிபிக்கு அப்பா ஏற்கனவே டெல்மிசார்டன் போட்டுக்கொண்டிருந்தார். புதுக் கூட்டு மாத்திரைக்குள்ளும் டெல்மிசார்டன்தான் இருந்தது. அட்டையில் பெயர் வேறு, நிறம் வேறு. அப்பா இரண்டையும் போட்டார். சொன்னதைச் சொன்னபடி செய்வது அவர் பழக்கம், ஒரு வேளை கூடத் தவறவிட மாட்டார்.

மூன்றாவது வாரம் காலையில் பாத்ரூம் வாசலில் சரிந்து விழுந்தார். எலும்பு முறியவில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்தால் கிரியாட்டினின் 2.9, பொட்டாசியமும் ஏறியிருந்தது. சிறுநீரகப் பிரிவில் பயிற்சியில் இருந்த ஒரு இளம் மருத்துவர், "என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்?" என்று கேட்டார். நான் சீட்டுகளை எடுத்தேன். "சீட்டு வேண்டாம் அக்கா, மாத்திரைப் பையைக் கொண்டு வாருங்கள்" என்றார். மஞ்சள் பையை அவர் மேஜை மேல் கொட்டினேன். 14 அட்டைகள். ஒவ்வொன்றாகத் திருப்பி, பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படித்து, ஒரே மருந்து இருப்பவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். டெல்மிசார்டன் இரண்டு அட்டை. அமிலத்துக்கான மாத்திரை மூன்று பெயரில் மூன்று அட்டை. வலி மாத்திரை தனியாக ஒன்று. "இந்த வலி மாத்திரை, இந்த நீர் மாத்திரை, இந்த பிபி மாத்திரை இரண்டு மடங்கு. மூன்றும் சேர்ந்தால் ஏற்கனவே பழுதான சிறுநீரகம் தாங்காது" என்றார். சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினையும் அன்றே நிறுத்தச் சொன்னார்.

எந்த டாக்டரும் தப்பாக எழுதவில்லை. அவரவர் உறுப்புக்கு அவரவர் எழுதியது சரிதான். ஆனால் ஐந்து சீட்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கிற வேலை யாருக்கும் கொடுக்கப்படவில்லை. அந்த வேலை சத்தமில்லாமல் என் தலையில் விழுந்திருக்கிறது, எனக்கே அது தெரியாது. நான் பி.காம். படித்தவள்.

உங்கள் வீட்டில் இதை யார் பார்க்கிறார்கள், எப்படிப் பார்க்கிறீர்கள்? பாலிகிளினிக்கில் இதற்கு ஏதாவது வழி இருக்கிறதா?

சிக்னல்ஸ்_79

ஜெய்ஹிந்த் மகளே. அப்பா இப்போது எப்படி இருக்கிறார், அதை முதலில் சொல்.

சர்வீஸில் இருந்தவரை யூனிட் டாக்டர் ஒருவர்தான். காய்ச்சலோ கால் சுளுக்கோ, அவரிடம்தான் போவோம். ஆண்டு மெடிக்கல், உடல் தகுதி கேட்டகரி எல்லாம் ஒரே கோப்பில் இருக்கும். போஸ்டிங் மாறினால் கோப்பும் பின்னாலேயே வரும். வெளியே வந்த அன்று அந்தக் கோப்பு ரிகார்ட்ஸ் அலுவலகத்துக்குப் போனது, நம் கையில் இருப்பது டிஸ்சார்ஜ் புக்கும் பென்ஷன் ஆர்டரும்தான். அதற்கப்புறம் நம் உடம்பின் கதையை நாமே ஒவ்வொரு டாக்டரிடமும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். பாதி மறந்துபோகிறது.

எங்கள் வீட்டில் என் மனைவிதான் பார்க்கிறாள். அவளுக்கும் 68 ஆகிறது.

ஹவில்தார்_மகள்

வீட்டுக்கு வந்துவிட்டார் ஐயா. கிரியாட்டினின் 2.1-க்கு இறங்கியிருக்கிறது. பழைய இடத்துக்கு வருமா என்று இன்னும் சொல்லவில்லை. நடக்கிறார், கோபப்படுகிறார், அதுவே நல்ல அறிகுறி என்று அம்மா சொல்கிறார்.

ஓய்வுபெற்ற_எம்ஓ

நான் ஒரு பாலிகிளினிக்கில் ஆறு வருஷம் மெடிக்கல் ஆபீசராக (எம்.ஓ.) ஒப்பந்தத்தில் இருந்தேன். எங்கே என்று சொல்லவில்லை. உள்ளே இருந்து பார்த்ததைச் சொன்னால் உதவும் என்று எழுதுகிறேன்.

2003 ஏப்ரலில் இசிஎச்எஸ் தொடங்கியபோது பெரிய கவலை ஒன்றுதான். ஓய்வுபெற்றவருக்குப் பெரிய நோய் வந்தால் பணம் எங்கே? ராணுவ மருத்துவமனைகள் பணியில் இருப்பவர்களுக்கே சரியாக இருந்தன. அதனால் திட்டத்தின் எலும்புக்கூடு பணம் கட்டும் முறையைச் சுற்றி அமைந்தது. பாலிகிளினிக் பார்க்கும், தேவைப்பட்டால் அங்கீகரித்த தனியார் ஆஸ்பத்திரிக்கு அனுப்பும், பில் திட்டத்துக்குப் போகும், நோயாளி கைக்காசு போட வேண்டியதில்லை. ஒரு பைபாஸுக்கு, ஒரு புற்றுநோய் சிகிச்சைக்கு இது எத்தனை குடும்பங்களைக் கடனிலிருந்து காப்பாற்றியது என்று எனக்குத் தெரியும். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் ரெஃபரல் என்பது அடிப்படையில் பணத்துக்கான அனுமதிச் சீட்டு. நோயாளியின் கதை அதோடு போவதில்லை. நான் அச்சடித்துக் கொடுத்த தாளில் நோயின் பெயர் இருக்கும், எந்தப் பிரிவு என்று இருக்கும். அவர் சாப்பிடும் 14 மாத்திரை இருக்காது. எழுதி அனுப்ப எனக்கு நேரமும் இருக்காது, வெளியே வரிசை நிற்கும். ஸ்பெஷலிஸ்ட் எழுதிய சீட்டு திரும்பி வரும்போது அதில் உள்ள மருந்தைக் கொடுப்பதற்காக வரும். ஏன் மாற்றினார் என்று ஒரு வரி கூட இருக்காது.

இன்னொன்றும் உண்டு. பாலிகிளினிக்கில் டாக்டர், நர்சிங் அசிஸ்டென்ட், ஃபார்மசிஸ்ட் என எல்லாரும் ஒப்பந்தப் பணியாளர்கள். நோயாளியை நன்கு அறிந்த டாக்டர் ஒப்பந்தம் முடிந்து போனால் அந்த அறிவும் அவரோடு போய்விடும். பெரிய பாலிகிளினிக்கில் மெடிக்கல் ஸ்பெஷலிஸ்ட் இருப்பார், மொத்தமாகப் பார்க்கத் தகுதியான ஆள் அவர்தான். சிறிய ஊர்களில் பெரும்பாலும் எங்களைப் போன்ற எம்.ஓ.க்கள்தான். பல பேர் போவது அங்கேதான்.

உங்கள் கேள்விக்கு நேராகப் பதில்: மொத்தமாகப் பார்க்க வேண்டியவர் பாலிகிளினிக் எம்.ஓ.தான். வேறு யாருக்கும் அந்த இடம் இல்லை. அதைச் செய்ய அவருக்கு நேரம் ஒதுக்கப்படவில்லை, அங்கேதான் கோளாறு.

பீரங்கி_அண்ணன்

சகோதரிக்கு வணக்கம். எல்லாரும் சீட்டைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் காதைப் பற்றிச் சொல்கிறேன்.

ஆர்ட்டிலரியில் 20 வருஷம். அந்தக் காலத்தில் காதுக்குப் பஞ்சுதான். வலது காது சுத்தமாகப் போய்விட்டது, இடது பாதி. ஆஸ்பத்திரியில் டோக்கன் நம்பர் கூப்பிட்டால் கேட்காது. டாக்டர் மாஸ்க் போட்டுக்கொண்டு பேசினால் உதடும் தெரியாது. தலையாட்டிவிட்டு வந்துவிடுவேன். "காலையில் பாதி, இரவு முழுசு" என்று சொன்னதை நான் தலைகீழாகப் போட்டது ஒருமுறை நடந்திருக்கிறது. கேட்டால் ஃபோன் பண்ணிச் சொன்னோம் என்கிறார்கள். ஃபோன் எனக்கு எதற்கு?

என்ன ஏற்பாடு செய்தாலும் எழுத்தில் கொடுங்கள், பெரிய எழுத்தில், தமிழில். முன்னாள் ராணுவத்தாரில் காது போனவர்கள் எத்தனை பேர் என்று யோசித்துவிட்டுத் திட்டம் போடுங்கள்.

குன்னூர்க்காரன்

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒருங்கிணைப்பு, ஒருங்கிணைப்பு என்று மேலே இன்னொரு அடுக்கு வைத்தால் இன்னொரு கவுன்டரும் இன்னொரு வரிசையும்தான் மிஞ்சும். அடிப்படையைச் சரி செய்யாமல் மாடி கட்டுவது அது. ஆஸ்பத்திரிகளுக்குப் பில் தொகை நிலுவையில் நிற்கிறது, அதனால் சில இடங்களில் நம் ஆட்களைச் சேர்ப்பதற்கே தயங்குகிறார்கள். மருந்து இருப்பில் இல்லை என்று எழுதிக் கொடுத்தால் வெளியே வாங்கிவிட்டுப் பணத்துக்கு அலைய வேண்டும். போன தடவை ஒரு கம்பெனி மாத்திரை, இந்தத் தடவை வேறு கம்பெனி. வயதானவர் நிறத்தைப் பார்த்துத்தான் மாத்திரையைத் தெரிந்துகொள்கிறார், நிறம் மாறினால் என்ன செய்வார்? மருந்தும் டாக்டரும் ஒழுங்காக இருந்தால் பாதிப் பிரச்சினை தானாகத் தீரும்.

ரெஃபரல் விதிகளை முன்பைவிடத் தளர்த்தியிருக்கிறார்கள், அதையும் சொல்ல வேண்டும். முன்பு ஒவ்வொன்றுக்கும் ஓட வேண்டியிருந்தது.

ஹவில்தார்_மகள்

அண்ணா, நீங்கள் சொல்வது எல்லாம் உண்மை. ஆனால் எங்கள் விஷயத்தில் மருந்து கிடைத்தது, டாக்டர் கிடைத்தார், பில்லும் தடையில்லை. எல்லாம் ஒழுங்காக நடந்துதான் அப்பா விழுந்தார். எல்லாம் கிடைத்த பிறகும் ஒரு ஓட்டை இருக்கிறது என்பதைத்தான் சொல்ல வந்தேன். ரெஃபரல் எளிதானால் ஸ்பெஷலிஸ்ட் எண்ணிக்கை கூடும், சீட்டும் கூடும். அப்போது சேர்த்துப் பார்க்கிற ஆள் இன்னும் அவசியமாகிவிடுவார்.

கடல்தாண்டிய_செவிலி

வணக்கம். என் தாத்தா மெட்ராஸ் ரெஜிமென்ட், வெலிங்டனில் பயிற்சி எடுத்தவர். நான் அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவ அமைப்பில், அதாவது விஏ-வில், செவிலியர். இங்கே எல்லாம் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. ஹவில்தார் மகள் கேட்ட கேள்விக்கு இங்கே ஒரு பதில் வைத்திருக்கிறார்கள், அதைச் சொல்கிறேன்.

2010 வாக்கில் இருந்து விஏ-வில் முதல்நிலை சிகிச்சை ஒரு குழுவிடம் இருக்கிறது. ஒரு மருத்துவர், பராமரிப்புப் பொறுப்புள்ள ஒரு பதிவுபெற்ற செவிலியர், ஒரு உதவிச் செவிலியர், ஒரு எழுத்தர். நாலு பேருக்கும் சேர்த்து சுமார் 1,200 பேர். அந்த 1,200 பேரும் பெயர் சொல்லி இவர்களுடைய நோயாளிகள். இதில் பராமரிப்புச் செவிலியர் வேலைதான் என் வேலை. ஆஸ்பத்திரியில் இருந்து ஒருவர் டிஸ்சார்ஜ் ஆனால் இரண்டு வேலை நாட்களுக்குள் நான் அவரைக் கூப்பிட வேண்டும். "எப்படி இருக்கிறீர்கள்" என்று கேட்பதற்காக அல்ல. மாத்திரை டப்பாக்களை எடுத்து வந்து ஒவ்வொன்றாகப் பெயர் படிக்கச் சொல்வேன். பழையதும் புதியதும் சேர்ந்து ஓடுகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். அந்த இளம் மருத்துவர் மேஜையில் செய்ததுதான், நாங்கள் ஃபோனில் செய்கிறோம். காது கேட்காதவருக்கு வீட்டாரோடு பேசுவோம், அல்லது நேரில் வரச் சொல்வோம். பீரங்கி அண்ணன் சொன்னது இங்கேயும் பெரிய பிரச்சினை.

குழுவோடு ஒரு மருந்தியல் நிபுணரும் வேலை செய்வார். சர்க்கரை, பிபி மருந்தின் அளவை அவரே மாற்றி எழுத இங்கே அதிகாரம் உண்டு. வீட்டை விட்டு வர முடியாதவர்களுக்கு 1972-ல் தொடங்கிய ஒரு ஏற்பாடு இருக்கிறது, குழுவே வீட்டுக்குப் போகும்.

எங்கே சறுக்குகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். 2018-ல் வந்த சட்டத்துக்குப் பிறகு, தூரமோ காத்திருப்போ அதிகமானால் வெளி டாக்டரிடம் போகலாம். போவது எளிதாயிற்று. அங்கே எழுதிய குறிப்பு எங்களிடம் திரும்பி வருவதுதான் கஷ்டம். வெளியே ஸ்டென்ட் வைத்துவிட்டு வந்தவர் சொல்லித்தான் சில நேரம் எங்களுக்கே தெரியும். உங்கள் அப்பாவின் கதையில் எது நடந்ததோ, அதுவேதான்.

அதனால் கட்டடமோ கம்ப்யூட்டரோ முதலில் வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். "இந்த 1,200 பேர் உன்னுடையவர்கள்" என்று ஒருவரிடம் சொல்வதுதான் முதலில்.

நாயக்_தர்மபுரி

என் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அமைதிப் படையில் இலங்கை போனேன், 1988-ல் கண்ணிவெடியில் வலது கால் முழங்காலுக்குக் கீழே போனது. புனே செயற்கைக் கால் மையத்தில் கால் போட்டு நடக்கப் பழக்கினார்கள். அங்கே மாதிரி அக்கறையாகப் பார்த்தவர்களை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. எத்தனையோ வருஷம் அந்தக் காலோடு வயலுக்குப் போனேன், சைக்கிள் மிதித்தேன்.

மூன்று வருஷமாக இதயம் பலவீனம் என்கிறார்கள், நீர் கோக்கிறது. செயற்கைக் கால் போட்டவர்களுக்குத் தெரியும், மிஞ்சியிருக்கிற தண்டுக்கும், அது நுழையும் சாக்கெட்டுக்கும் நடுவே காலுறை போடுவோம். தண்டு இளைத்தால் இரண்டு மூன்று போட்டு இறுக்கிக்கொள்ள வேண்டும், வீங்கினால் கழற்ற வேண்டும். எனக்கு என்ன நடந்தது என்றால், நீர் மாத்திரையைக் கூட்டினால் நாலு நாளில் தண்டு சுருங்கிவிடுகிறது, கால் லொடலொடவென்று ஆடுகிறது. குறைத்தால் வீங்கி உள்ளேயே நுழைய மாட்டேன் என்கிறது. ஒருநாள் வீங்கிய தண்டை வம்பாக உள்ளே தள்ளி நடந்தேன். தோல் உரிந்தது. சர்க்கரையும் இருப்பதால் அந்தப் புண் ஆற இரண்டரை மாதம் ஆயிற்று.

இதய டாக்டரிடம் கால் ஆடுகிறது என்றால், அது எலும்புப் பிரிவு என்கிறார். கால் செய்பவரிடம் போனால் அளவு மாறிவிட்டது, புது சாக்கெட் வேண்டும் என்கிறார். புது சாக்கெட் போட்ட மாதமே மாத்திரை அளவு மறுபடி மாறியது. நீர் மாத்திரைக்கும் சாக்கெட்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று கடைசியில் நானே கண்டுபிடித்தேன். இப்போது காலண்டரில் தினமும் காலையில் எத்தனை காலுறை போட்டேன் என்று எழுதி வைக்கிறேன். ஒன்று, ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறினால் உடம்பில் நீர் வற்றுகிறது என்று அர்த்தம். குறைந்தால் நீர் ஏறுகிறது.

ஓய்வுபெற்ற_எம்ஓ

நாயக் ஐயா, உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். இதயம் பலவீனமானவர்களைத் தினமும் எடை பார்த்து எழுதச் சொல்வோம், நீர் கோப்பது முதலில் எடையில் தெரியும். உங்கள் காலுறைக் கணக்கு எடை போல இன்னொரு அளவுகோல். அந்தக் காலண்டரை அப்படியே இதய மருத்துவரிடம் எடுத்துக்கொண்டு போங்கள். எடையையும் பக்கத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள். டாக்டர் ஒரு நிமிஷம் பார்த்தால் போதும், புரிந்துகொள்வார்.

வேலூர்_அம்மா

நான் குடும்ப பென்ஷன் வாங்குபவள். அவர் போய் நாலு வருஷம் ஆகிறது. இங்கே எங்கள் பக்கம் பட்டாளத்துக்காரர் இல்லாத தெரு குறைவு, அதனால் இந்தக் கதைகள் எல்லாம் பழக்கமானவை.

ஒன்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அவர் மாத்திரை சரியாகப் போடாமல் இருந்ததற்குக் காரணம் மறதி இல்லை. அவருக்கு எதிலும் பிடிப்பு போய்விட்டது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து திண்ணையில் உட்கார்ந்திருப்பார். கேட்டால் தூக்கம் வரவில்லை என்பார், அவ்வளவுதான். சர்க்கரை 300, 350 என்று போகும்போதெல்லாம் டாக்டர்கள் இன்சுலினைக் கூட்டினார்கள். போடுகிறாரா என்று கேட்டார்கள், ஏன் போடவில்லை என்று கேட்டதில்லை. குடியும் இருந்தது, அதை நானும் டாக்டரிடம் மறைத்தேன். வெட்கமாக இருந்தது. இப்போது எழுதுகிறேன், வேறு யாரும் மறைக்கக் கூடாது என்று.

14416 என்று அரசாங்கத்தின் மனநல உதவி எண் இருக்கிறது, 2022-ல் தொடங்கினார்கள், தமிழிலும் பேசலாம். அப்போது எனக்கு அது தெரியாது.

இன்னொரு விஷயம். எங்கள் தெருவில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஒரு பெண் வருகிறாள். பிபி, சர்க்கரை பார்த்து மாத்திரையும் கொடுத்துவிட்டுப் போவாள். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் தொடங்கி 2021-லிருந்து நடக்கிறது. எங்கள் வீட்டுக்கும் வந்து பார்ப்பாள், மாத்திரை மட்டும் பாலிகிளினிக்கில் வாங்கிக்கொள்வோம். அவள் நோட்டில் என் பிபி இரண்டு வருஷத்துக்கு இருக்கிறது. பாலிகிளினிக்கில் யாரும் அந்த நோட்டைப் பார்த்ததில்லை. இரண்டு அரசாங்கமும் என் ஒரே உடம்பைத்தானே பார்க்கின்றன?

குன்னூர்க்காரன்

அம்மா, உங்கள் பதிவுக்குப் பதில் எழுத எனக்குத் தகுதி இல்லை. நன்றி மட்டும்.

முன்பு எழுதியதில் ஒன்றை மாற்றிக்கொள்கிறேன். இன்னொரு அடுக்கு வேண்டாம் என்றேன். புது ஆள் போடாமல், இருக்கிற நர்சிங் அசிஸ்டென்டுக்கே பயிற்சி கொடுத்து இந்த வேலையை எழுத்தில் ஒப்படைத்தால் என்ன? எல்லாருக்கும் வேண்டாம். ஐந்து மாத்திரைக்கு மேல் சாப்பிடுகிறவர்கள், ஆறு மாதத்துக்குள் ஆஸ்பத்திரியில் படுத்தவர்கள், இவர்களுக்கு மட்டும். இது ஸ்டேஷன் அளவிலேயே முடிவெடுக்கக் கூடியதா, டெல்லி வரை போக வேண்டுமா? எம்.ஓ. ஐயா சொல்ல வேண்டும்.

ஓய்வுபெற்ற_எம்ஓ

புதுப் பணியிடம் என்றால் டெல்லிதான். ஆனால் வாரத்தில் ஒரு பிற்பகலை இப்படிப்பட்டவர்களுக்கு ஒதுக்குவது பாலிகிளினிக் பொறுப்பு அதிகாரி (ஓஐசி) மனது வைத்தால் முடியும் என்று நினைக்கிறேன். நாங்கள் ஒருமுறை முயன்றோம். புதன் பிற்பகல், எட்டே பேர், ஒருவருக்கு 20 நிமிஷம், மாத்திரைப் பையோடு வர வேண்டும். ஃபார்மசிஸ்ட் பக்கத்தில் உட்காருவார். ஐந்து மாதம் நடந்தது, அப்புறம் ஆள் பற்றாக்குறையில் நின்றுபோயிற்று. அந்த ஐந்து மாதத்தில் நிறுத்திய மாத்திரைகள்தான் அதிகம், புதிதாக எழுதியது குறைவு. செலவும் குறையும் என்பதை மேலே இருப்பவர்களுக்குப் புள்ளிவிவரத்தோடு காட்டாமல் விட்டது என் தவறு. இப்போது நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது.

அதுவரைக்கும் வீட்டில் ஒரு தாள் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பக்கம், அதற்கு மேல் போனால் யாரும் படிக்க மாட்டார்கள். மேலே பெயர், வயது, இசிஎச்எஸ் கார்டு எண், வீட்டார் ஃபோன். எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதைச் சிவப்பில் எழுதுங்கள். நோய்கள், வந்த வருஷத்தோடு. சர்வீஸில் என்ன நேர்ந்தது என்று ஒரு வரி: சியாச்சின் பனியில் விரல் போனது, கண்ணிவெடியில் கால் போனது, பீரங்கியில் காது போனது. சியாச்சின் விரல் தெரிந்தால்தான் டாக்டர் அந்தப் பாதத்தை சாக்ஸைக் கழற்றிப் பார்ப்பார். பிறகு மருந்துகள். அட்டையில் பெரிதாக இருக்கும் கம்பெனிப் பெயர் வேண்டாம், பின்பக்கம் இருக்கும் மருந்துப் பெயரையும் மில்லிகிராமையும் எழுதுங்கள். எதற்காக, எழுதியது எந்தப் பிரிவு, எப்போதிலிருந்து. கடைசியாக எடுத்த கிரியாட்டினின், பொட்டாசியம், மூன்று மாத சர்க்கரை அளவு, தேதியோடு. பென்சிலில் எழுதுங்கள், மாறிக்கொண்டே இருக்கும். எந்த டாக்டரிடம் போனாலும் சீட்டுக்கு முன்னால் இந்தத் தாளை வையுங்கள். புது மருந்து எழுதினால் ஒரே கேள்வி கேளுங்கள்: "இதில் எதை நிறுத்த வேண்டும்?"

அவசரமாக வேறு ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தாலும் இந்தத் தாள்தான் பேசும். அங்கீகாரம் இல்லாத ஆஸ்பத்திரியாக இருந்தால் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தெரிவிக்க வேண்டும், மறக்காதீர்கள்.

பீரங்கி_அண்ணன்

"காது கேட்காது, எழுதிக் காட்டவும்" என்று என் தாளின் மேலேயே போட்டுவிட்டேன்.

ஹவில்தார்_மகள்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

தாளைத் தயார் செய்ய ஒரு ஞாயிறு முழுக்க ஆயிற்று. தாம்பாளத்தில் எல்லா அட்டைகளையும் பரப்பி, ஃபோன் டார்ச் வெளிச்சத்தில் பின்பக்கம் படித்து எழுதினோம். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். சர்வீஸ் வரிக்கு வந்தபோது நான் "சியாச்சின், இடது கால்" என்று மட்டும் எழுதினேன். அப்பா பென்சிலை வாங்கி வருஷம், மாதம், போஸ்ட்டின் உயரம் வரை சேர்த்தார். இத்தனை வருஷத்தில் உயரத்தை அவர் சொன்னதே இல்லை.

பாலிகிளினிக்கில் இப்போது இருப்பவர் புது எம்.ஓ., வயது முப்பதுக்குள்தான் இருக்கும். தாளை வாங்கி நின்றபடியே படித்தார், பிறகு உட்கார்ந்து மறுபடி படித்தார். "சாக்ஸைக் கழற்றுங்கள் ஐயா" என்றார். சுண்டுவிரலுக்கு அடியில் ஒரு சின்ன வெடிப்பு, அப்பாவுக்கு அங்கே உணர்ச்சியே இல்லாததால் தெரியவில்லை. அன்றே மருந்து போட்டுக் கட்டினார். 14 அட்டையில் இப்போது 9. சிறுநீரகப் பிரிவில் சொன்னதை எலும்பு மருத்துவருக்கும் இதய மருத்துவருக்கும் தன் கையெழுத்தில் இரண்டு வரி எழுதிக் கொடுத்தார். வலி மாத்திரை வேண்டாம், களிம்பும் பயிற்சியும் போதும் என்று. கிரியாட்டினின் இப்போது 1.9.

குன்னூர் அண்ணா சொன்னதை ஓஐசியிடம் ஒரு பக்க மனுவாகக் கொடுத்தேன், புதன் பிற்பகல் ஏற்பாட்டையும் எழுதினேன். யோசிப்பதாகச் சொன்னார். எங்கள் ஊர் முன்னாள் படைவீரர் சங்கத்தில் 22 பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கும் ஒரு பிரதி கொடுக்கப் போகிறோம். வேலூர் அம்மா, நீங்கள் சொன்ன நோட்டு விஷயத்தையும் அதில் சேர்த்திருக்கிறேன்.

நாயக்_தர்மபுரி

நல்ல சேதி அம்மா. காலண்டரை இதய டாக்டரிடம் காட்டினேன். ஃபோனில் படம் எடுத்துக்கொண்டார். எடை இரண்டு கிலோ ஏறினாலோ, காலுறை கழற்ற வேண்டி வந்தாலோ உடனே வரச் சொன்னார். சாக்கெட் இப்போதைக்கு மாற்ற வேண்டாம் என்று அவரும் கால் செய்பவரும் பேசிச் சொன்னார்கள்.

சிக்னல்ஸ்_79

மகளே, அந்தத் தாளின் மாதிரியை வெறும் கட்டங்களோடு இங்கே போட முடியுமா? எழுத்து பெரிதாக இருக்கட்டும். மனைவிக்குக் கண்புரை ஆபரேஷன் அடுத்த வாரம், அதற்குள் எழுதி முடிக்க வேண்டும். அவளுக்கும் ஒன்று, எனக்கும் ஒன்று.

ஹவில்தார்_மகள்

இன்று இரவு போடுகிறேன் ஐயா. ஆபரேஷனுக்கு முன்னால் ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறார்களா என்று மட்டும் இப்போதே பாருங்கள். இருந்தால் கண் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.